இருக்கிறதா, வேலை செய்கிறதா?
ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் குறைபாடும் பெங்களூர் தேடாத ஒரு நோயும்

பெங்களூரின் பெரிய ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் அன்றாடம் நடக்கும் சோதனைகளில் ஒன்று சீரம் புரத எலக்ட்ரோஃபோரெசிஸ். சீரத்தை ஜெல்லில் இட்டு மின்சாரம் பாய்ச்சினால், புரதங்கள் தத்தம் மின்னேற்றத்துக்கு ஏற்ற வேகத்தில் நகர்ந்து தனித்தனிப் பட்டைகளாகப் பிரியும். கருவி அதை ஒரு கோட்டுப் படமாக வரைந்து தருகிறது. ஒரு கோடியில் கூர்மையாக எழும் சிகரம் அல்புமின். மறு கோடியில் தாழ்வாகப் பரந்து கிடப்பது காமா. மருத்துவர்கள் பெரும்பாலும் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயைச் சந்தேகித்தே இந்தச் சோதனையை எழுதித் தருவதால், அறிக்கையைப் பார்ப்பவர் கண் நேரே காமாவுக்கு ஓடிவிடும். அல்புமினை ஒட்டி ஒரு சிறு மேடு இருக்கும். அதற்கு ஆல்ஃபா-1 என்று பெயர். அதன் பெரும்பகுதி ஒரே ஒரு புரதத்தால் ஆனது: கல்லீரலில் உருவாகி ரத்தத்தில் சுற்றும் ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின். அந்த மேடு தட்டையாக இருந்தால் என்ன பொருள் என்று கேட்பவர் குறைவு.

ஸ்வீடனின் மால்மோ நகரில் கார்ல்-பெர்ட்டில் லாரெல் அதைக் கேட்டார். அவர் பார்த்த சுமார் 1,500 எலக்ட்ரோஃபோரெசிஸ் படங்களில் ஐந்தில் அந்தப் பகுதி வெறுமையாக இருந்தது. அந்த ஐவரில் மூவருக்கு இளவயதிலேயே எம்ஃபைசீமா, அதாவது நுரையீரலின் நுண்ணறைச் சுவர்கள் அழிந்துபோகும் நோய். இளம் மருத்துவர் ஸ்டென் எரிக்சனுடன் சேர்ந்து லாரெல் 1963இல் வெளியிட்ட சிறிய கட்டுரையிலிருந்துதான் இந்தக் குறைபாட்டின் வரலாறு தொடங்குகிறது.

அந்த ஆண்டுகளில் பெங்களூரும் நுரையீரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் அதன் கேள்வி வேறு. 1959இல் இங்கு தொடங்கப்பட்ட தேசியக் காசநோய் நிறுவனம் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தது. டெபாபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் 1963இல் வெளியிட்ட முடிவு இன்றும் படிக்கத் தக்கது. சளியில் காசநோய்க் கிருமி இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதற்கு முன்பே இருமலோடு மருத்துவ நிலையங்களுக்குப் போயிருந்தார்கள். அங்கே இருமல் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மக்கள் அறியாமையால் வருவதில்லை என்ற பேச்சு பொய்யானது. இந்த முடிவு நாட்டின் காசநோய்த் திட்டத்தையே மாற்றி அமைத்தது. அதன் இன்னொரு விளைவையும் சொல்ல வேண்டும். இளவயதில் மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் வந்தால் முதலில் டிபி, அது இல்லையென்றால் ஆஸ்துமா, அதுவும் இல்லையென்றால் பீடி என்ற வரிசை நம் மருத்துவத்தில் ஊறிப்போனது. அந்த வரிசை பெரும்பாலும் சரியானதே. அதில் நான்காவது இடம் இல்லை என்பதுதான் குறை.

நான்காவதாக வரவேண்டிய நோய் எப்படி நிகழ்கிறது என்று பார்ப்போம். நம் நுரையீரலில் ஏறக்குறைய 48 கோடி காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. அவற்றின் சுவரில் எலாஸ்டின் என்ற நார்ப்புரதம் ஓடுகிறது. மூச்சை இழுக்கும்போது நீண்டு, விடும்போது சுருங்குவது அதன் குணம். மூச்சை வெளியே விட நாம் தனியாகப் பாடுபட வேண்டியதில்லை என்றால் அதற்கு இந்தச் சுருக்கமே காரணம். எலாஸ்டினைப் பெரும்பாலும் கருவிலும் குழந்தைப் பருவத்திலுமே உடல் செய்து முடித்துவிடுகிறது. பின்னால் அழிந்தால் ஒழுங்காகத் திரும்பக் கிடைப்பதில்லை.

அதை அழிக்கக்கூடிய நொதி நம் ரத்தத்திலேயே இருக்கிறது. கிருமி புகுந்தால் முதலில் ஓடிவரும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் தன் துகள்களுக்குள் எலாஸ்டேஸ் என்ற நொதியை வைத்திருக்கிறது. கிருமியின் புரதங்களைச் சிதைக்க அது வேண்டும். ஆனால் கிருமியோடு நிற்காமல் எலாஸ்டினையும் அது வெட்டும். வேலை முடிந்தபின் சிந்திக் கிடக்கும் எலாஸ்டேஸைப் பிடித்து முடக்குவதே ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சினின் முதன்மையான பணி.

புரதம் வெட்டும் நொதி நுரையீரலைக் கெடுக்கும் என்பதற்கு நேரடிச் சான்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கிடைத்தது. 1960களின் நடுவில் அங்கே எலிகளின் நுரையீரலுக்குள் பப்பேயின் என்ற நொதியைச் செலுத்திப் பார்த்தார்கள். எம்ஃபைசீமா உண்டானது. பப்பேயின் பப்பாளிப் பாலில் இருப்பது. சிவாஜிநகரில் பிரியாணிக் கறியை மெதுவாக்க அரைத்துப் போடும் பச்சைப் பப்பாளிக்காய் செய்கிற வேலையும் அந்த நொதியின் வேலைதான். மால்மோவின் வெற்றுப் பட்டையையும் பிட்ஸ்பர்க்கின் எலிகளையும் சேர்த்துப் பார்த்தபோது ஒரு விளக்கம் கிடைத்தது: வெட்டும் நொதிக்கும் அதைத் தடுக்கும் புரதத்துக்கும் இடையிலான சமநிலை குலைந்தால் நுரையீரல் கரைகிறது. பீடி, சிகரெட்டால் வரும் எம்ஃபைசீமாவைப் புரிந்துகொள்வதற்கும் அடிப்படை இதுதான். அரிய நோய் ஒன்றுதான் பொதுவான நோய்க்கு வழிகாட்டியது.

தடுக்கும் விதம் சுவையானது. இந்தப் புரதம் ஓர் எலிப்பொறி. அதன் உடலிலிருந்து ஒரு வளையம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் நுனியில் 358ஆவது இடத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் இரையாக இருக்கிறது. எலாஸ்டேஸ் அதைக் கடிக்கிறது. கடித்த கணத்தில் வளையம் அறுந்து புரதத்தின் உடலுக்குள் புகுந்துகொள்ள, கடித்த நொதி வளையத்தோடு சேர்ந்து மறுமுனைக்கு வீசப்பட்டு உருக்குலைந்து கிடக்கிறது. 2000ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் ஹண்டிங்டன், ரீட், கேரல் மூவரும், எலாஸ்டேஸைப் போலவே புரதம் வெட்டும் நொதியான டிரிப்சினோடு பிணைந்த இந்தப் புரதத்தின் படிக அமைப்பை வெளியிட்டபோது நொதி 71 ஆங்ஸ்ட்ராம் தூரம் இழுத்துச் செல்லப்பட்டிருப்பது தெரிந்தது. பொறி ஒருமுறைதான் விழும். ஒரு நொதிக்கு ஒரு புரதம் செலவாகிறது. அதனால்தான் ரத்தத்தில் இவ்வளவு தேவைப்படுகிறது: ஒரு டெசிலிட்டருக்கு 90 முதல் 200 மில்லிகிராம் வரை.

இரையாக இருக்கும் அந்த மெத்தியோனினில்தான் பலவீனமும் இருக்கிறது. புகையில் உள்ள ஆக்சிஜனேற்றிகள் அதைத் தொட்டால் அது மாறிவிடுகிறது. மாறியபின் எலாஸ்டேஸைப் பிடிக்கும் வேகம் ஏறத்தாழ 2,000 மடங்கு குறைகிறது என்று 1980இல் பீட்டி, பியெத், டிராவிஸ் மூவரும் அளந்து காட்டினார்கள். புரதத்தின் அளவு அப்படியே இருக்கும். கூடத்தில் அளந்தால் "நார்மல்" என்றே எழுதி வரும்.

அளவு வேறு, வேலை வேறு என்பதற்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு 1983இல் வெளிவந்தது. பிட்ஸ்பர்க்கில் ஒரு சிறுவன் கட்டுக்கடங்காத ரத்தக் கசிவால் இறந்தான். அவன் ரத்தத்தில் ஆன்டிடிரிப்சினுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் 358ஆவது இடத்தில் மெத்தியோனினுக்குப் பதில் ஆர்ஜினின் இருந்தது. இரை மாறியதால் பொறி வேறு பிராணியைப் பிடிக்கத் தொடங்கிவிட்டது. எலாஸ்டேஸை விட்டுவிட்டு, ரத்தத்தை உறையவைக்கும் திராம்பினை அது முடக்கியது. 394 அமினோ அமிலங்களில் ஒன்றுதான் மாறியிருந்தது.

இப்போது மரபணுவுக்கு வருவோம். இந்தப் புரதத்தை எழுதும் செர்பினா1 மரபணு 14ஆவது குரோமோசோமில் இருக்கிறது. வழக்கமான மாற்றுருவுக்கு எம் என்று பெயர். ஐரோப்பாவில் நோயை உண்டாக்குபவை பெரும்பாலும் இசட், ஓரளவு எஸ். மின்புலத்தில் நகரும் வேகத்தை வைத்து இட்ட எழுத்துகள் இவை. இசட் வகையில் 342ஆவது இடத்தில் குளூட்டமிக் அமிலம் லைசினாக மாறியிருக்கும். அப்படிப் பிறந்த புரதம் கல்லீரல் செல்லுக்குள்ளேயே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சிக்கிவிடுகிறது. வெளியே வருவது வழக்கமான அளவில் 10 முதல் 15 சதவீதம் மட்டும். வெளிவராதது கல்லீரலைக் கெடுக்கிறது, வெளிவராததாலேயே நுரையீரலும் கெடுகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இசட் பெற்றவர் புகைத்தால் நாற்பதை ஒட்டி மூச்சு வாங்கத் தொடங்கும். புகைக்காதவருக்கு அது ஐம்பதைத் தாண்டிப் போகலாம், வராமலும் போகலாம்.

இந்த இசட் வட ஐரோப்பாவில் தோன்றிப் பரவியது. இந்தியாவில் நடந்த ஆய்வுகளில் அது மிக அரிதாகவே அகப்பட்டிருக்கிறது. இதை வைத்து "இது வெள்ளைக்காரர் நோய், நமக்கில்லை" என்று முடிவு கட்டுவது நம் மருத்துவக் கல்லூரிகளின் பழக்கம். என் வாதம் இங்கேதான் தொடங்குகிறது. இசட் நமக்கில்லை என்பது உண்மையாக இருக்கலாம். அதிலிருந்து குறைபாடே நமக்கில்லை என்ற முடிவு வராது. செர்பினா1 மரபணுவில் நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் பதிவாகியுள்ளன. ஜப்பானில் இசட் இல்லை என்றே சொல்லலாம். அங்கே குறைபாட்டை உண்டாக்குவது சீயாமா என்று பெயரிட்ட வேறொரு மாற்றுரு. மத்திய தரைக்கடல் நாடுகளில் எம்-மால்டன் என்ற இன்னொன்று உண்டு. இவற்றையெல்லாம் தவிர, புரதத்தையே உருவாக்காத "வெற்று" மாற்றுருக்களும் இருக்கின்றன. எஸ், இசட் இரண்டை மட்டும் தேடும் மரபணுச் சோதனையை நம்மவர் ஒருவருக்குச் செய்து "இல்லை" என்று எழுதினால், அது ஸ்வீடன்காரரின் மாற்றம் இவரிடம் இல்லை என்று மட்டுமே சொல்கிறது.

சொந்த மண்ணில் தேடினால் சொந்த மாற்றுரு கிடைக்கும் என்பதற்குக் கோயம்புத்தூரில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியும் கல்லீரலில்தான் உருவாகிறது. அது இல்லாத ஒருவர் அன்றாட வாழ்க்கையில் ஒரு குறையும் உணரமாட்டார். அறுவை மேசையில்தான் தெரியும். தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலின் சில நிமிடங்களில் சிதைந்துபோக வேண்டியது. நொதி இல்லாதவருக்கு அது மணிக்கணக்கில் நீடிக்கும், மூச்சுத் தசைகளும் எழாது, வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருக்க வேண்டும். வைசிய சமூகத்தாரிடம் இது கூடுதலாகக் காணப்படுவதை மயக்க மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். பாரதியார் பல்கலைக்கழகத்தின் ஆர். பூபதியும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் அடங்கிய குழு அந்தச் சமூகத்தாரின் மரபணுவைப் படித்து, 307ஆவது இடத்தில் லூசின் புரோலினாக மாறியிருப்பதை 2006இல் வெளியிட்டது. ஐரோப்பியப் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டு நிறுத்தியிருந்தால் இது கிடைத்திருக்காது. நொதி வேலை செய்கிறதா என்று முதலில் பார்த்தார்கள், பிறகு மரபணுவை முழுதாகப் படித்தார்கள். ஆன்டிடிரிப்சினுக்கும் இதுவே முறையாக இருக்க வேண்டும்.

தெற்காசியாவில் இப்படிப்பட்ட சொந்த மாற்றுருக்கள் பல இருக்கும் என்று எதிர்பார்க்கக் காரணம் உண்டு. 2017இல் குமாரசாமி தங்கராஜ், டேவிட் ரைக் ஆகியோரின் குழுக்கள் வெளியிட்ட ஆய்வில், பார்த்த 263 தெற்காசியக் குழுக்களில் 81இல், சிறிய மூதாதையர் கூட்டத்திலிருந்து பெருகியதன் தடயம் ஃபின்லாந்துக்காரர்களிடமும் அஷ்கெனாசி யூதர்களிடமும் உள்ளதைவிட அழுத்தமாகத் தெரிந்தது. சாதிக்குள் மணம் செய்துகொண்டு தலைமுறைகளைக் கடத்தியதன் கணக்கு அது.

அதோடு சொந்தத்தில் மணம் முடிக்கும் வழக்கத்தையும் சேர்க்க வேண்டும். 1980களில் பெங்களூர், மைசூர் மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளிடம் அமினோ அமிலக் கோளாறுகளைத் தேடும் பெரிய திட்டம் ஒன்று நடந்தது. இந்திய அறிவியல் கழகத்தின் என். அப்பாஜி ராவ் அதன் முக்கிய ஆய்வாளர்களில் ஒருவர். அந்தத் தரவை ஆலன் பிட்டில்ஸுடன் சேர்ந்து அலசியபோது, பெற்றோரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நெருங்கிய உறவினர் என்று தெரிந்தது. அந்த உறவு மணங்களில் அக்காள் மகளை மணப்பதும் மாமன் மகளை மணப்பதும் பெரும்பங்கு.

இதன் விளைவைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கெட்ட மாற்றுரு ஒன்று ஆயிரம் குரோமோசோம்களில் ஒன்றில் இருப்பதாகக் கொள்வோம். உறவில்லாத இருவருக்குப் பிறக்கும் குழந்தைகளில் பத்து லட்சத்துக்கு ஒன்றுக்குத்தான் அது இருபுறமும் சேரும். அத்தை மகன், மாமன் மகள் மணத்தில் அது சுமார் 63. தாய்மாமன் மணத்தில் சுமார் 126. இதே கணக்கை ஸ்வீடனின் இசட்டுக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே அது நாற்பது குரோமோசோம்களில் ஒன்றில் இருக்கிறது என்று கொண்டால், உறவில்லாதவர்களுக்கே பத்து லட்சத்துக்கு 625 பேர் பிறப்பார்கள். அத்தை மகன் மணம் அதை மூன்றரை மடங்காகக்கூட ஆக்காது. மாற்றுரு எவ்வளவு அரிதோ, உறவு மணத்தின் பெருக்கம் அவ்வளவு கூடுதல். ஆகவே இந்தியாவில் இந்த நோய் இருக்குமானால், எல்லா இடத்திலும் ஒரே ஒரு மாற்றுருவாகப் பரவியிருக்காது. இங்கொரு குடும்பம், அங்கொரு குடும்பம் என்று, ஒவ்வொன்றிலும் வேறொரு மாற்றத்தோடு சிதறிக் கிடக்கும். சிதறியதைப் பொதுவான புள்ளிவிவரம் பிடிக்காது.

தேடுவதற்கான கருவி பெங்களூரிலேயே இருக்கிறது. உயிரித் தொழில்நுட்பத் துறை 2020இல் தொடங்கிய ஜீனோம் இந்தியா திட்டத்தை ஒருங்கிணைத்தது இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம். 20 நிறுவனங்கள் சேர்ந்து, 83 மக்கள் குழுக்களிலிருந்து ஏறக்குறைய 10,000 பேரின் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்தார்கள். 2025 ஜனவரியில் அந்தத் தரவு ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதில் செர்பினா1 மரபணுவை மட்டும் எடுத்து, அமினோ அமிலத்தை மாற்றும் ஒவ்வொரு எழுத்தையும் பட்டியலிட ஒரு நல்ல முதுகலை மாணவர் போதும். ஆனால் பட்டியல் மட்டும் நோயைச் சொல்லாது. 10,000 பேரில் ஒருவரிடம் மட்டும் கண்ட ஒரு மாற்றம் புரதத்தைக் கெடுக்கிறதா, சும்மா கிடக்கிறதா என்று கணினி ஊகிக்கும். தீர்ப்புச் சொல்ல வேண்டியது சோதனைக் குழாய்.

அந்தச் சோதனை எளியது, பழையது. சீரத்தோடு அளவறிந்த டிரிப்சினைக் கலந்து சிறிது நேரம் வைக்கிறார்கள். சீரத்தில் உள்ள தடுப்புப் புரதம் தன்னால் முடிந்தவரை டிரிப்சினைப் பிடித்துக்கொள்ளும். பிறகு பாப்னா என்று சுருக்கமாக அழைக்கும் செயற்கைப் பொருளை விடுகிறார்கள். பிடிபடாமல் மிஞ்சிய டிரிப்சின் அதை வெட்ட, மஞ்சள் நிறம் எழும். நல்ல சீரத்தில் மஞ்சள் வெளிறும், தடுப்பு இல்லாத சீரத்தில் கரைசல் பளிச்சென்று மஞ்சளாகும். 405 நானோமீட்டர் ஒளியில் அதை எண்ணாக்கிக் கொள்ளலாம். டிரிப்சினுக்குப் பதில் எலாஸ்டேஸையே வைத்துச் செய்தால் நுரையீரலுக்கு இன்னும் பொருத்தம். கல்லூரி உயிர்வேதியியல் கூடம் எதிலும் இதற்கான கருவி உண்டு. அன்றாட மருத்துவத்தில் இதைச் செய்யாமல் விட்டதற்குக் காரணம், ஒளிச் சிதறலால் அளவைச் சொல்லும் நெஃபெலோமெட்ரி சட்டென்று முடிந்துவிடுவதே. ஸ்வீடனில் அளவு போதும். அங்கே நோயுள்ளவர் பெரும்பாலும் இசட், இசட் என்றால் அளவு விழும். எந்த மாற்றுரு என்றே தெரியாத ஊரில் அளவை மட்டும் நம்புவது பாதிக் கேள்விக்கு முழு மதிப்பெண் போடுவது.

அளவுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. காய்ச்சல், தொற்று, வீக்கம் எது வந்தாலும் கல்லீரல் இந்தப் புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கும். கர்ப்பத்திலும் அளவு ஏறும். நெஞ்சில் சளியோடு வார்டில் படுத்திருப்பவரின் ரத்தத்தை எடுத்தால், ஓரளவு குறைபாடுள்ளவரும் நார்மல் வரம்புக்குள் வந்து நிற்பார். கூடவே, உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி என்ற புரதத்தையும் பார்த்தால்தான் அந்த எண்ணின் உண்மை விளங்கும். தொற்று மலிந்த நம் ஊரில் இது சிறிய விஷயமல்ல.

எக்ஸ்ரேயும் சிடி ஸ்கேனும் தரும் குறிப்பு ஒன்று இருக்கிறது. காசநோய் பெரும்பாலும் நுரையீரலின் மேல் மடலில் தங்கும். புகைப்பவரின் எம்ஃபைசீமாவும் மேலிருந்தே தொடங்கும். ஆன்டிடிரிப்சின் குறைந்தவருக்கு அடிப்பகுதி முதலில் அழியும். ரத்த ஓட்டம் அங்கேதான் கூடுதல், அதோடு நியூட்ரோஃபில்களும் அங்கே கூடுதலாகச் சேர்கின்றன. நாற்பது வயதில், புகைப் பழக்கமே இல்லாமல், அடி மடல்கள் கறுத்துத் தெரியும் ஒரு சிடி படம் மேசைக்கு வந்தால் ரேடியாலஜிஸ்ட் ஒரு வரி எழுதலாம். நிம்ஹான்ஸ் பக்கத்திலுள்ள ராஜீவ் காந்தி மார்பு நோய் நிறுவனம் போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் நடக்க வேண்டிய தேடல் இந்த ஒரு வரியிலிருந்தே தொடங்க முடியும்.

இங்கே எதிர்க் கேள்வி ஒன்றுக்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும். இந்தியாவில் சிஓபிடி எனப்படும் நாள்பட்ட மூச்சடைப்பு நோய் உள்ளவர்கள் 1990இல் 2.81 கோடி, 2016இல் 5.53 கோடி என்று 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த கணக்கு சொல்கிறது. அந்தச் சுமையில் பாதிக்கு மேல், 53.7 சதவீதம், காற்று மாசோடு தொடர்புடையது. புகையிலை 25.4 சதவீதம். மைசூரின் ஜேஎஸ்எஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் கிராமப் பெண்களிடம், விறகடுப்பின் முன் ஒரு நாளில் செலவிடும் மணிகளை அப்படிச் சமைத்த ஆண்டுகளால் பெருக்கி ஒரு குறியீடு கண்டார்கள். அது 60ஐத் தொட்டால் நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சிக்கான வாய்ப்பு தெளிவாக உயர்ந்தது. தினம் மூன்று மணி நேரம், இருபது ஆண்டு. நம் அம்மாக்கள் அதை முப்பத்தைந்து வயதுக்குள் தாண்டியிருப்பார்கள். இவ்வளவு புகை இருக்க, ஓர் அரிய மரபணுவைத் தேடிக் காசும் நேரமும் வீணாக்குவதா?

கேள்வி நியாயமானது. சிஓபிடியின் பெருங்கூட்டத்தில் இந்தக் குறைபாடு மிகச் சிறிய பங்காகவே இருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் புகையையும் புரதத்தையும் எதிரெதிராக நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. புகை வந்து தாக்குவது இதே பொறியைத்தான், அதன் இரையைத்தான். ஸ்வீடனில் புகைக்காத இசட் நோயாளிகளை ஆராய்ந்தபோது, வீட்டில் மண்ணெண்ணெய் ஹீட்டர் வைத்திருந்தவர்களின் நுரையீரல் திறன் குறைந்திருந்தது. குளிருக்கு ஏற்றிய ஹீட்டரே அங்கே அவ்வளவு செய்ததென்றால், ஒற்றை அறை வீட்டில் ஸ்டவ் வைத்துச் சமைக்கும் ஒருவருக்கு இந்தப் புரதம் பாதிதான் இருந்தால் என்ன ஆகும்? பெங்களூரில் இதைக் கேட்க ஆளில்லை. அதே விறகடுப்பின் முன் அதே ஆண்டுகள் இருந்த இரண்டு பெண்களில் ஒருத்திக்கு மட்டும் மூச்சு முட்டுவது ஏன் என்ற கேள்வியும் இதனோடு சேர்ந்ததே.

"கண்டுபிடித்து என்ன செய்வது?" என்பது அடுத்த தடை. மருந்து இருக்கிறது. பிறர் ரத்தத்திலிருந்து பிரித்த இந்தப் புரதத்தை வாரம் ஒருமுறை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவது அமெரிக்காவில் 1987இல் அனுமதிக்கப்பட்டது. உடல் எடையில் கிலோவுக்கு 60 மில்லிகிராம். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு வாரம் 3.6 கிராம், ஆண்டுக்கு ஏறத்தாழ 187 கிராம். ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் சுமார் 1.3 கிராம் இருக்கிறது என்று கொண்டால், ஒரு துளிகூட வீணாகாமல் பிரித்தாலும் ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 140 லிட்டருக்கு மேல் பிளாஸ்மா வேண்டும். நூற்றுக்கணக்கானோரின் ரத்த தானம் அது. பலன்? 180 பேரை வைத்து இரண்டு ஆண்டுகள் நடத்தி 2015இல் வெளியான ரேப்பிட் ஆய்வில், மூச்சை முழுதாக இழுத்த நிலையில் நுரையீரலின் அடர்த்தி குறையும் வேகம் ஆண்டுக்கு லிட்டருக்கு 2.19 கிராமிலிருந்து 1.45 கிராமாகத் தணிந்தது. ஊதும் திறனில் வேறுபாடு தெரியவில்லை. அழிவு தாமதமாகிறது, அழிந்தது திரும்புவதில்லை. தேசிய அரிய நோய்க் கொள்கையின் கீழ் தகுதி பெறும் நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. அதற்கான சிறப்பு மையங்களில் ஒன்று பெங்களூரில், மனித மரபியல் மையமும் இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனையும் சேர்ந்தது. ஆனாலும் இந்த மருந்தை ஆண்டுதோறும் ஆயுள் முழுக்க ஏற்றுவது நம் சூழலில் நடக்கிற காரியமாகத் தோன்றவில்லை.

புதிய சிகிச்சைகள் மீது எனக்கு வேறொரு கவலை. இசட் மாற்றத்தின் ஒற்றை எழுத்தைக் கல்லீரலுக்குள்ளேயே திருத்தும் மரபணு எடிட்டிங் மருந்தின் முதல் மனித முடிவுகள் 2025இல் வெளிவந்தன. திருத்திய புரதம் ரத்தத்தில் வந்துவிட்டது. மருத்துவ வரலாற்றில் பெரிய நிகழ்வுதான். ஆனால் அது 342ஆவது இடத்தைத் திருத்துவதற்கென்றே செய்த மருந்து. நம் நோயாளியின் பிழை வேறிடத்தில் இருந்தால் அவருக்கு அது பயன்படாது. எந்த இடத்தில் பிழை என்று நாம் பட்டியலிட்டு வைக்காதவரை, அடுத்த தலைமுறை மருந்துகளும் நம்மைச் சேராது.

மருந்தைவிட மலிவான பலன் ஒன்றை ஸ்வீடன் கண்டிருக்கிறது. 1972 முதல் 1974 வரை பிறந்த 2 லட்சம் குழந்தைகளைச் சோதித்து, இசட் இருபுறமும் உள்ள 127 பேரைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் குழந்தைகளை டோமாஸ் ஸ்வேகர் என்ற மருத்துவரின் குழு பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்தது. அவர்களில் புகைப்பழக்கம் கொண்டவர்கள் மிகக் குறைவு. முப்பதுகளில்கூடப் பெரும்பாலானோரின் நுரையீரல் நன்றாகவே இருந்தது. ஆனால் திட்டம் 1974இலேயே நிறுத்தப்பட்டது. செய்தியைக் கேட்ட பெற்றோர் கலங்கிப்போனார்கள். தந்தையரில் சிலர் பதற்றத்தில் முன்னைவிட அதிகமாகப் புகைத்தார்கள் என்றுகூடப் பதிவாகியிருக்கிறது. உண்மையைச் சொல்வது நல்லதுதான், அதைச் சொல்ல ஆள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். நம் ஊரில் அதன் வலி இன்னும் ஒரு பக்கம் திரும்பும். "சொந்தத்தில் கட்டிக்கொடுத்ததால்தான்" என்று பழி மருமகள் தலையில் வந்து விழும், அவளே அந்த வீட்டின் பேத்தியாக இருந்தாலும்.

ஆகவே பிறந்த குழந்தைகளை எல்லாம் சோதிப்பதை நான் கேட்கவில்லை. கேட்பது குறுகலானது. ஐம்பதுக்கு முன்பே எம்ஃபைசீமா வந்தவர், புகைக்காமலே சிஓபிடி வந்தவர், காரணம் புரியாத மூச்சுக்குழல் விரிவு உள்ளவர், மஞ்சள் காமாலை இறங்காத பச்சிளங்குழந்தை, இவர்களுக்கு ஒருமுறை. சிஓபிடி உள்ள ஒவ்வொருவருக்கும் ஒருமுறை என்று உலக சுகாதார நிறுவனம் 1997இலேயே சொல்லிவிட்டதோடு ஒப்பிட்டால் இது சிறிய கோரிக்கை.

நோயாளி ஒருவருக்கு உறுதியானால் அவருடைய உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அவருக்கு ஒரு தம்பி இருப்பதாகக் கொள்வோம். அந்தத் தம்பிக்கு இன்னும் மூச்சு வாங்கவில்லை. அவர் பெங்களூரை அடுத்த ஜிகணியில் கிரானைட் மெருகேற்றும் பட்டறையில் தூசுக்குள் நிற்பவராக இருக்கலாம், நாளுக்கு நாலு சிகரெட் பிடிப்பவராகவும் இருக்கலாம். காய்ச்சல், சளி இல்லாத ஒரு நாளில் அவருடைய ரத்தத்தை எடுத்து, அளவு, சிஆர்பி, தடுப்புத் திறன் மூன்றையும் அதே மாதிரியில் பார்க்க வேண்டும். அளவு, நார்மல் வரம்பின் அடிப்பகுதிக்குள்ளேயே நின்றாலும், டெசிலிட்டருக்கு 110 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தாலோ, அளவு சரியாக இருந்தும் திறன் விழுந்திருந்தாலோ மரபணுவை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிக்க வேண்டும். குறை இருந்தால் சிகரெட்டை விடச் சொல்லலாம், பட்டறையில் தூசு படாத வேலை கேட்கச் சொல்லலாம், ஆண்டுக்கொருமுறை ஊதும் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி ஊதச் சொல்லலாம். இவற்றில் எதற்கும் மற்றவர் பிளாஸ்மா தேவையில்லை.